பின்பக்க ஆட்டம் (மோட்டார் சைக்கிள்)

நெடும்பயணத்துக்கான கனரக மோட்டார் சைக்கிள்களில், வேகமான வளைவிலோ பக்கக்காற்றிலோ பின்பகுதி இடவலமாக அலையும் கோளாறு. வண்டி முழுவதும் நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 4 முறை நெளியும். கைப்பிடி படபடக்கும் முன்சக்கர நடுக்கம் இதைவிட விரைவானது. அது வேறு கோளாறு.

ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டிகள் இதற்குப் பேர்போனவை. 1980-இல் வந்த எஃப்எல்டி டூர் கிளைடில், அதிர்வைக் குறைக்க எஞ்சினை ரப்பர் தாங்கிகள்மேல் அமர்த்தினார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ கியர்பெட்டியோடு பிணைந்தது. அதன் அச்சின் இரு முனைகளிலும் ரப்பர்தான். அது தளர்ந்தால் எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரம் மூன்றும் சேர்ந்தே வண்டிச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) பக்கவாட்டில் நகரும். ஓட்டுபவர் திருப்பாமலே வண்டி திரும்பப் பார்க்கும். சொகுசுக்குக் கொடுத்த விலை இது. 2009-இல் டூரிங் வரிசைக்கு விறைப்பான புதிய சட்டம் வந்தது.

சீர்செய்யும்போது செலவில்லாததிலிருந்து தொடங்குவதே முறை: டயரின் காற்று, தேய்மானம், பின்பெட்டிச் சுமை, ஷாக் அப்சார்பர். பிறகு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பக்கவாட்டில் அசைத்தால், சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் ஆகியவற்றின் தளர்ச்சி கைக்கே தெரியும். எண்ணெயில் ஊறிய ரப்பரை மாற்றத்தான் வேண்டும். முன்பக்கக் கோன்செட்டையும் (கைப்பிடித் தண்டின் பேரிங்) பார்ப்பது நல்லது. எஞ்சின் பக்கவாட்டில் நகராமல் சட்டத்தோடு கட்டும் இணைப்புக் கம்பிகள் சந்தையில் உண்டு. தேய்ந்த உறுப்புகளை அப்படியே விட்டு இவற்றைப் பூட்டுவது வீண்செலவு.

ஓடும்போது ஆட்டம் எடுத்தால் கைப்பிடியை இறுக்காமல், சட்டென்று பிரேக் போடாமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.