ஷாங்க்வைலர்ஸ் டிரைவ்-இன் திரையரங்கு

ஷாங்க்வைலர்ஸ் டிரைவ்-இன், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலென்டவுன் நகரை அடுத்த ஓரிஃபீல்டில் உள்ள திறந்தவெளித் திரையரங்கு. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் அரங்குகளில் இன்றும் இயங்கி வருபவற்றுள் மிகப் பழமையானது இதுவே. 1934 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய இந்த அரங்கில் சுமார் 320 கார்களை நிறுத்தலாம்.

தோற்றம்

உலகின் முதல் டிரைவ்-இன் அரங்கை ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933 ஜூன் 6 அன்று நியூ ஜெர்சியின் கேம்டன் நகருக்கு அருகே திறந்தார். காரின் முன்சக்கரங்கள் மேடேறி நிற்கும்படி தரையை வரிசை வரிசையாகச் சாய்த்து அமைத்தார். இதனால் முன்னால் நிற்கும் கார் மறைக்காமல் பின்வரிசைக்காரர்களும் திரையைப் பார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டே, தங்கும் விடுதி நடத்தி வந்த வில்சன் ஷாங்க்வைலர், பென்சில்வேனியாவின் முதல் டிரைவ்-இன் அரங்கைத் தொடங்கினார். இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய துணிதான் திரை. மேசைமேல் வைத்த 16 மி.மீ. புரொஜெக்டர் படம் காட்டியது. கேம்டன் அரங்கு சில ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டது. ஓரிஃபீல்டு அரங்கு நிலைத்தது.

ஒலி

திறந்தவெளியில் படத்தைக் காட்டுவதைவிட வசனத்தைக் கேட்கச் செய்வதே கடினம். தொடக்கத்தில் குழாய் ஒலிபெருக்கிகள் மைதானம் முழுமைக்கும் ஒலித்தன. அவ்வாறு ஒலிக்கும்போது அருகில் நிற்பவருக்கு இரைச்சலாகவும் தொலைவில் நிற்பவருக்குப் படத்துக்குப் பிந்தியும் ஒலி வந்து சேரும். 1948இல் ஷாங்க்வைலர்ஸில் கார் நிற்குமிடம்தோறும் கம்பம் நட்டு, சன்னலில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. 1986இல் பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பு வந்தது. அதன்பின் காரின் வானொலியே ஒலிபெருக்கியாயிற்று. பண்பலை ஸ்டீரியோவைக் கையாண்ட முதல் டிரைவ்-இன் என்ற பெருமையும் ஷாங்க்வைலர்ஸுக்கு உண்டு.

புயலும் புது அரங்கும்

1955இல் வீசிய டயான் புயல் திரையையும் புரொஜெக்டர் அறையையும் சேதப்படுத்தியது. ஷாங்க்வைலர் மனம் தளரவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த சினிமாஸ்கோப் படங்களுக்கேற்ற அகலத் திரையை எழுப்பினார். புரொஜெக்டர் அறையும் தின்பண்டக் கடையும் ஒரே கட்டடத்தில் அமைந்தன. 1965இல் அரங்கு ராபர்ட் மால்கேம்ஸிடம் கைமாறியது. 1984இல் அதை வாங்கிய பால் கைசிங்கர், அங்கேயே புரொஜெக்டர் இயக்கி வந்தவர். பண்பலை ஒலி அவர் காலத்தில்தான் வந்தது.

சரிவும் நிலைபேறும்

1950களின் இறுதியில் அமெரிக்காவில் சுமார் 4,000 டிரைவ்-இன் அரங்குகள் இருந்தன. தொலைக்காட்சி, வீடியோ கேசட், நகரை ஒட்டிய நிலங்களின் விலையேற்றம் ஆகியவற்றால் அவை மளமளவென்று மூடப்பட்டன; இன்று எஞ்சியவை சில நூறே. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கமும் படம் தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, குழந்தைகளோடு வரும் குடும்பங்களைக் குறைத்தது. பிலிம் பிரதிகள் அருகியபோது, பெருஞ்செலவில் டிஜிட்டல் கருவி வாங்க இயலாமல் பல அரங்குகள் தவித்தன. ஷாங்க்வைலர்ஸ் 2013இல் டிஜிட்டலுக்கு மாறியது.

துணித்திரையும் 16 மி.மீ. கருவியும் போய்விட்டன. ஆனால் 1934இல் போலவே இன்றும், பொழுது சாய்ந்து இருட்டிய பிறகே ஓரிஃபீல்டில் படம் தொடங்குகிறது.