மெட்டியைப் பார்த்து மூடப்படும் வாயில்: நேர்காணலில் பாலினமும் சாதியும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கும், சமவெளியின் நிலமற்ற தலித் பெண்ணுக்கும், மாதச் சம்பளம் தரும் பெரிய ஆலைகள் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கின்றன. அவ்வளவு தொலைவு சென்றபின் முதலில் கேட்கப்படுவது கல்வித்தகுதியா, திருமணமா என்பதே நம் முன் உள்ள வினா.

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு இதற்கு விடையளித்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை, உற்பத்தி வரிசைப் பணிக்குத் திருமணமான பெண்களை முறைப்படி ஒதுக்கிவந்ததாக அது கூறியது. நேர்காணலுக்கு வந்த இரு சகோதரிகளைக் காவலரே ‘திருமணமாகிவிட்டதா?’ எனக் கேட்டு வாயிலிலேயே திருப்பியனுப்பினார். குடும்பப் பொறுப்பு, கருத்தரிப்பு, விடுப்பு ஆகியவற்றோடு தாலியும் மெட்டியும்கூடக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஃபாக்ஸ்கான் பாகுபாட்டை மறுத்தது; புதிதாகச் சேர்ந்தோரில் 25 விழுக்காட்டினர் திருமணமான பெண்கள் என்றது. ஆனால் தொழிலாளர் அதிகாரிகளிடம் நிறுவனமே அளித்த கணக்கின்படி 33,360 பெண் பணியாளர்களில் திருமணமானோர் சுமார் 2,750 பேர், அதாவது 8 விழுக்காடு. பணியமர்த்தல் ஆவணங்களைப் பாராமலேயே முடிக்கப்பட்ட அதிகாரிகளின் விசாரணையை மீண்டும் நடத்துமாறு தேசிய மனித உரிமைகள் ஆணையம் பின்னர் பணித்தது.

இங்கே சட்டத்தின் ஓட்டை ஒன்று தெரிகிறது. சம ஊதியச் சட்டம், 1976, பிரிவு 5 பணியமர்த்தலில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது; அதன் இடத்தில் வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-உம் தடை செய்கிறது. இரண்டிலும் சொல் ‘பாலினம்’ மட்டுமே. திருமண நிலை என்ற சொல் இல்லை. ஆகவே ‘எங்களிடம் பெரும்பான்மையினர் பெண்களே’ என்று ஒரு நிறுவனம் எளிதில் சொல்லிவிட முடிகிறது. திருமணமான ஆணிடம் அதே வினா கேட்கப்படுவதில்லை என்பதால், இது பாலினப் பாகுபாடு அன்றி வேறல்ல என்பது நம் நிலைப்பாடு.

இவ்வாதம் புதிதன்று. 1948-இல் குடிமைப்பணித் தேர்வில் வென்ற சி.பி. முத்தம்மாவை நேர்காணல் குழு வெளியுறவுப் பணியிலிருந்து விலகச் செய்ய முயன்றது; மணந்தால் பதவி விலகுவதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1979-இல் அவர் தொடுத்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அப்பணியின் திருமண விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அது அரசுப்பணி. அரசமைப்பின் 16-ஆம் உறுப்பு அங்கே துணைநின்றது. தனியார் ஆலைக்கு எதிராக அந்த உறுப்பைக் காட்ட இயலாது. இடஒதுக்கீடும் அங்கே இல்லை.

சாதி இவ்விடத்தில்தான் நுழைகிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தில்லி வட்டார மனிதவள மேலாளர்கள் ஏறக்குறைய அனைவருமே ‘குடும்பப் பின்னணி’யை நேர்காணலில் கேட்பதாக ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடத் தலித் பெயருக்கு அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 0.67 மட்டுமே. அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், எந்தத் தெரு என்பன சாதியை அறியும் வினாக்கள். கணவர் உண்டா, குழந்தை எப்போது என்பன பாலினத்தை எடைபோடும் வினாக்கள். ஒரு தலித் பெண்ணிடம் இவ்விரண்டும் ‘குடும்பம்’ என்ற ஒரே சொல்லின்கீழ்க் கேட்கப்படுகின்றன. பதிலும் எங்கும் எழுதப்படுவதில்லை. நிராகரிப்புக்குக் கடிதம் வருவதில்லை.

எனவே, சான்று திரட்டும் பணி நம்முடையதாகிறது. ‘திருமணமாகாதவர் மட்டும்’ என்னும் விளம்பரம் ஒப்பந்ததாரரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அதைப் படமெடுத்து வைத்தல், கேட்கப்பட்ட வினாவை அன்றே தேதியுடன் எழுதி வைத்தல், உடன் சென்றோரின் சாட்சியம் பெறுதல் ஆகியன தேவை. பாலினப் பாகுபாடெனில் தொழிலாளர் துறைக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும், சாதியும் கலந்திருப்பின் 2021-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் முறையீட்டை அனுப்பலாம். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்க.