ஓடுகள் சொல்லாமல் விட்டது

"சோசலிச நாட்டுச் சுவரோவியமெல்லாம் வெறும் பிரச்சாரம், அதில் பேச என்ன இருக்கு?" என்று நண்பர் ஒருத்தர் சலித்துக்கொண்டார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜுசெப் ரெனாவைப் பற்றிப் படித்தபிறகு அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

ரெனாவ் 1907இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது குடியரசின் நுண்கலைத்துறைத் தலைமை இயக்குநர். பிராங்கோ ஜெயித்ததும் மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே சிக்கெய்ரோஸோடு சேர்ந்து சுவரோவியம். 1958இல் கிழக்கு பெர்லின்.

கிழக்கு ஜெர்மனியின் ஹாலே-நோய்ஸ்டாட், லாய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் எழுப்பப்பட்ட நகரம். வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைக் கிரேன் தூக்கி அடுக்கிய குடியிருப்புகள். எங்கே திரும்பினாலும் ஒரே சுவர், ஒரே ஜன்னல். 1970களில் அங்கே, சுமார் 35 மீட்டர் உயரமுள்ள மாடிப்படிக் கோபுரங்களில், வண்ணம் தீட்டிச் சுட்ட பீங்கான் ஓடுகளால் ரெனாவின் சித்திரங்கள் ஏறின. பெயிண்ட் மழையிலும் பனியிலும் உரிந்துபோகும். சூளையில் வெந்த நிறம் நிற்கும். நின்று ரசிக்கிறவருக்காக அல்ல, தெருவில் போய்க்கொண்டிருப்பவரின் நகரும் கண்ணுக்காகத் திட்டமிட்ட சித்திரங்கள் இவை. கலையைக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த இந்தக் காரியத்தை 'அலங்காரம்' என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சித்திரத்தின் பொருள், தொழிலாளி வர்க்க ஒற்றுமையும் அந்த அரசின் தோற்றமும். ஆனால் 1953 ஜூனில் அந்த அரசுக்கு எதிராகவே வேலைநிறுத்தம் செய்தவர்களில் லாய்னா, பூனா தொழிலாளர்களும் உண்டு. எழுச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் வந்தன. அவர்களுடைய நகரத்துச் சுவரில் அவர்களுடைய அந்த நாட்கள் இல்லை. பாசிசத்துக்குத் தப்பி வந்த ஒரு கலைஞனின் நேர்மையான நம்பிக்கையும் அரசின் மௌனமும் ஒரே ஓட்டில் சேர்ந்து வெந்திருக்கின்றன. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

1990இல் அந்த அரசே இல்லாமல் போயிற்று. எர்ஃபுர்ட்டில் ரெனாவ் தொடங்கிய கண்ணாடி மொசைக், 1982இல் அவர் இறந்தபின் மற்றவர்களால் முடிக்கப்பட்டது. அதைத் தாங்கிய பண்பாட்டு மையத்தை 2012இல் இடித்தார்கள். கழற்றி வைத்த மொசைக் 2019இல் தனிச்சுவர் ஒன்றில் மறுபடி ஏறியது. மக்கள் கூடிய கட்டடம் போய்விட்டது, படம் பிழைத்தது. பாதுகாக்கிறவர்களுக்கு அழகு போதும்போல.

நமக்குப் போதாது. உடைக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். ஹாலேயின் ஓடுகளைப் பார்க்கும்போது 1953ஐயும் சேர்த்து வாசிப்போம்.