குளிரும் குருதியின் மின்னேற்றமும்

விடத்தல்தீவு பெயரளவிலேயே தீவு. ஊர் மன்னார்ப் பெருநிலக் கரையில் இருக்கின்றது. கண்டற் காடும் களப்பும் வெயிலும் நிறைந்த அவ்வூரிலே குளிர் உயிரைக் கொல்லும் என்று ஒருவர் சொன்னால், கேட்போர் நகைக்கவுங்கூடும். ஆயினும் 2022 ஆம் ஆண்டு டிசெம்பரில், மாமல்லபுரத்தை அண்டிக் கரையேறிய மண்டௌஸ் புயலின்போது, நம் வட, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. குளிரே காரணம் எனக் கால்நடைத் துறையினர் கூறினர். நீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. நனைந்த உடலின் சூட்டைக் காற்றுக் கவர்ந்து சென்றாற் போதும்.

மனிதர் இவ்வாறு இறந்தால், அதனை எவ்வாறு துணிவது? குளிர்ச்சாவு உடலில் உறுதியான அடையாளம் எதையும் விட்டுச் செல்வதில்லை. 1895 இல் இரசிய மருத்துவர் விஷ்னெவ்ஸ்கி இரைப்பையின் உட்சுவரிலே கரும்புள்ளிகளைக் கண்டு குறித்தார். அவையும் எல்லா உடல்களிலும் காணப்படுவதில்லை.

ஆதலால் ஆய்வாளர் சிலர் குருதியை நாடினர். நீரில் மிதக்கும் களிமண் துணிக்கைகள் மின்புலத்தில் நகர்வதை 1807 இல் மொஸ்கோவில் ரொய்ஸ் கண்டார். அம்முறையே பிற்காலத்தில் குருதிக் கலங்களின் மின்னேற்றத்தை அளக்கவும் உதவிற்று. செங்குழியத்தின் மென்சவ்வு மறை ஏற்றமுடையது. அவ்வேற்றத்தின் பெரும்பகுதி சயலிக் அமிலத்தால் வருவதென 1962 இல் ஆராய்ந்து காட்டினர். ஒத்த ஏற்றமுடையன ஒன்றையொன்று விலக்கும். அதனாலேயே குழியங்கள் ஒட்டிக் கொள்ளாது ஓடுகின்றன. இனத்தார் விலகி நிற்பது இங்கேனும் நன்மையாய் முடிகின்றது!

குளிரால் இறந்தோரின் குருதியைப் போலந்து ஆய்வாளர் இவ்வகையில் அளந்து, 2015 இல் முடிவுகளை வெளியிட்டனர். அளந்த அமில, கார நிலைகள் அனைத்திலும் செங்குழியங்களின் மேற்பரப்பு மின்னேற்றம் ஒப்பீட்டுக் குழுவினதைவிட மிகுந்திருந்தது. குருதிச் சிறுதட்டுக்களிலோ, அமிலம் மிகுந்தவிடத்துக் குறைந்தும், ஏனையவிடத்துக் கூடியும் காணப்பட்டது. நேர், மறை ஏற்றங்கள் சமப்படும் நிலையும் இடம்பெயர்ந்தது. சிறுதட்டுக்களில் அப்பெயர்ச்சி பெரிது. கலங்களின் அமைப்புச் சிதைந்தமையே காரணமாகலாம் என்பது அவர் கருத்து.

இதனை முடிந்த சான்றாகக் கொள்ளல் தகாது என்பேன். காபனோரொட்சைட்டு நஞ்சால் இறந்தோரின் குருதியிலும் மின்னேற்ற மாற்றம் காணப்பட்டுள்ளது. ஏற்றம் மாறியது என்பதைக் கொண்டு மட்டும், மாற்றியது எது என்று கூறிவிட முடியாது. உடல் கிடந்த இடம், ஆடையின் ஈரம், அன்றிரவின் காற்று ஆகிய இவற்றையும் மருத்துவர் விசாரித்தாக வேண்டும்.