வீட்டுக் கணினி: வட்டு ஒழுங்கும் காப்புப்படியும்

ஹார்டு டிஸ்க்கில் குவிந்துபோன கோப்புகளைப் பிரித்து அடுக்குவது ஒரு வேலை. அவை அழிந்தால் மீட்க வேறிடத்தில் படி எடுத்து வைப்பது வேறு வேலை. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைப்பவர்கள் ஏராளம். ஒரே வட்டை சி, டி, இ எனப் பிரித்து, சி-யில் உள்ள படங்களை டி-யில் நகலெடுத்தால் அது பேக்கப் ஆகாது. வட்டு பழுதானால் மூன்றும் சேர்ந்தே போகும்.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள வீடுகளில் இடி மின்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மின்கம்பி வழியே பாயும் மிகை மின்னழுத்தம் கணினியோடு, அதில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கெடுத்துவிடலாம். யூபிஎஸ் மின்தடைக்கு உதவும். இடிக்கு அதை நம்பி இருக்க முடியாது. படி எடுத்ததும் கேபிளைக் கழற்றி பீரோவில் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரலும் கணினியோடு இணைந்திருந்த வட்டுகளின் கோப்புகளையும் சேர்த்தே பூட்டியது.

எதை முதலில் காப்பது? தோப்புக்காரர் வீட்டுக் கணினியில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தேங்காய் விற்ற கணக்கு, கல்யாண வீடியோ, பழைய ஃபோனிலிருந்து இறக்கிய படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். சினிமாப் படம் எங்கும் கிடைக்கும். அப்பாரு பேசிய குரல் பதிவு கிடைக்காது. மறுபடி கிடைக்காததே முதலில் காக்கப்பட வேண்டியது; கோப்பின் அளவு இதில் பொருட்டே அல்ல.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய '3-2-1' முறை இன்றும் நல்ல அளவுகோல்: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதன் விலை தமிழருக்குத் தெரியாததல்ல. 1981 மே 31 இரவு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன, ஓலைச்சுவடிகளும் தப்பவில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்போது ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்க்கிறது.

வெளியூர்ப் படிக்குக் கோவையில் இருக்கும் மகள் வீட்டு அலமாரி போதும். கூகுள் டிரைவும் உதவும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் சேர்த்து. தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால் அது அங்கேயும் அழியும் என்பதை மறக்கக் கூடாது.

அடுக்கும்போதுதான் கோப்புகள் அதிகம் தொலைகின்றன. 'கட்' செய்து ஒட்டுவதை விட 'காப்பி' செய்து, இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போவதைப் பார்த்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோவை ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஏற்கும். 1 டிபி வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாமினி, டாம், டிஸ்கி முறைகளில் அடித்த பழைய கடிதங்கள் வட்டில் பத்திரமாக இருந்தும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமே தன் டிஸ்கி நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முன் அடித்த கோப்புகள் வீட்டில் இருந்தால், புது வட்டுக்குப் போகும்முன் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளால் மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் கூடவே சேர்த்து வையுங்கள்.