ரோசாப்பூ துரை: மதுரையில் வழக்காடிய ஒரு பெருமகன்



ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய கதை, பணியாற்றிய குருக்கள், உதவிய நல்ல உள்ளங்கள் என்று எழுதுவதே வழக்கம். அவற்றோடு, நம் பங்கைச் சேராத ஒரு வழக்கறிஞருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்க விரும்பினோம். அவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. விளாங்குடியிலிருந்து டவுனுக்குப் போகும் நம்மில் பலர் அந்தச் சிலையைப் பார்த்திருப்போம். பெயரைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

கேரளத்திலிருந்து மதுரைக்கு

செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் பிறந்தார். புகழ்பெற்ற பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் பயின்று, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1909-இல் தாயகம் திரும்பினார். முதலில் சென்னையில் தொழில் தொடங்கினார். சிறிது காலத்தில் மதுரைக்கு வந்து, இதையே தம் ஊராக்கிக் கொண்டார்.

அந்நாளில் சீமையில் படித்த பாரிஸ்டருக்குப் பெருமையும் பணமும் தாமாகவே தேடி வந்தன. அவற்றோடு அவர் நின்றுவிடவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்தில் சேர்ந்தார். 1918-இல் அதற்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்டவரை ஆங்கில அரசு ஜிப்ரால்டரிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பியது. மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். காந்தியடிகள் மதுரை வந்தபோது இவர் இல்லத்தில் தங்கியிருக்கிறார்.

ரேகைச் சட்டம்

ஆயினும் மதுரைச் சீமையின் கிராமத்து மக்கள் அவரை மறவாதிருப்பதற்குக் காரணம் வேறு. குற்றப்பரம்பரைச் சட்டம் என்றும் ரேகைச் சட்டம் என்றும் சொல்லப்பட்ட கொடுமையை நம் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். வைகைக்குத் தெற்கே, சமணர் மலையடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி மக்கள்மீது 1914-இல் இச்சட்டம் பாய்ந்தது. சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் அது விரிந்தது.

இச்சட்டத்தின்படி, ஒருவன் திருடினானா என்ற கேள்வியே எழவில்லை. அந்தக் குலத்தில் பிறந்தான் என்பதே குற்றம். பெயரைப் பதிவு செய்து கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பகலெல்லாம் ஏர் ஓட்டிக் களைத்து வந்தவன், பெண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துத் தரையில் படுக்க வேண்டும் என்றால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் உயிர் துறந்தார்கள்.

இம்மக்களுக்காகக் கோர்ட்டில் வழக்காடியும் பத்திரிகைகளில் எழுதியும் போராடியவர் ஜார்ஜ் ஜோசப். அவர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். கோட்டில் ரோசாப்பூ செருகியிருப்பார், அதனால் வந்த பெயர் என்பார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். ஒரு வக்கீலுக்கு இதைவிடப் பெரிய பீஸ் எது?

விட்டதும் மீண்டதும்

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருமானமுள்ள தொழிலைத் துறந்தார். அலகாபாத் சென்று ‘இண்டிபெண்டண்ட்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1921 இறுதியில் கைதாகி, நேருவோடு லக்னோ சிறையில் இருந்தார். பின்னர் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’வையும் நடத்தினார். 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கியபோது, இது இந்துக்கள் செய்ய வேண்டிய பணி என்று காந்தியடிகள் அவருக்கு எழுதினார். அயலானின் துயரில் பங்குகொள்ளவும் எல்லை உண்டோ என்று அந்தக் கிறிஸ்தவ உள்ளம் நொந்திருக்கக்கூடும்.

மதுரைக்குத் திரும்பி மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்தார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜர் சிக்கவைக்கப்பட்டபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இவரும் அவருக்காக வாதாடினார்கள், காமராஜர் விடுதலையானார். 1937-இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் 5-ஆம் நாள், ஐம்பது வயதிலேயே, மதுரையில் இறைவனடி சேர்ந்தார். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியதோ 1947-இல்தான். வழக்கைத் தொடங்கியவர் தீர்ப்பைக் கேட்கவில்லை.

நமக்கு ஓர் ஆத்தும சோதனை

ஏழைகளின் வழக்கறிஞரான புனித ஈவோவைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. தூய ஆவியாரைக் குறிக்க யோவான் நற்செய்தி ஆளும் கிரேக்கச் சொல்லுக்கும், வழக்கில் ஒருவன் பக்கம் நின்று பேசுபவர் என்ற பொருள் உண்டு. வக்கீல் தொழிலில் பொய்தான் உண்டு என்று எளிதாகச் சொல்லிவிடுகிற நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை எழுதும்போது நமக்கும் ஒன்று உறுத்துகிறது. முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஊரில் கோவில் உண்டியல் உடைக்கப்பட்டது. யாரையும் விசாரிக்கும் முன்பே நம் கண் ஒரு குறிப்பிட்ட தெருவின் பக்கம் திரும்பியது. பிறகு உண்மை தெரிந்தது. அந்தத் தெருவுக்கும் திருட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர்களில் ஒருவரும் நம்மைக் கடிந்து பேசவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அரசின் ஏட்டிலிருந்து ரேகைச் சட்டம் போய்விட்டது. “அந்த ஊர்க்காரன் அப்படித்தான்”, “அந்தச் சாதிப் புத்தி போகுமா” என்று திண்ணையில் பேசும்போது, அதே சட்டத்தை நாம் நம் நாவில் வைத்திருக்கிறோம். ஜூபிலி என்பது விவிலிய மரபில் விடுதலையின் ஆண்டு. அடுத்தவனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசக் கற்றுக்கொண்டால், நாம் கொண்டாடும் இந்த ஜூபிலி அர்த்தமுள்ளதாகும். இனி யானைக்கல்லைக் கடக்கும்போது, அந்தச் சிலையை ஒரு கணம் நின்று பாருங்கள்.