இதயத் தசையைப் பலவீனமாக்கும் சர்க்கரை நோய்

சர்க்கரை நோயால் வரும் இதயப் பாதிப்பு என்றாலே இரத்தக் குழாய் அடைப்பைத்தான் நாம் நினைக்கிறோம். அடைப்பே இல்லாத நிலையிலும் இந்நோய் இதயத் தசை செல்களை நேரடியாகத் தாக்கும். இதயச் செயலிழப்புக்கு ஆளாகி இறந்த நான்கு சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதித்த ரூப்ளர் குழுவினர், 1972-ல் இதை முதன்முதலில் விளக்கினர். 1974-ல் வெளியான அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வின்படி, சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு ஆபத்து இரு மடங்கு. பெண்களுக்கு ஐந்து மடங்கு!

பாதிப்பு எப்படி ஏற்படுகிறது?

நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், கொழுப்பு, குளுக்கோஸ் இரண்டையும் எரிபொருளாக்குகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது குளுக்கோஸைப் பயன்படுத்துவது குறைந்து, கொழுப்பையே அதிகம் நம்புகிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவை. எரியாமல் மிஞ்சும் கொழுப்பு செல்லுக்குள் தேங்கி நஞ்சாகிறது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்து, தீங்கு தரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகம் வெளியிடுகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, செல்களைச் சூழ்ந்த கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. துடிப்புக்குப் பின் கால்சியம் விலகுவதும் தாமதமாவதால், இதயம் தளர்ந்து விரிய முடியாமல் திணறுகிறது. இறந்த தசை செல்கள் பெரும்பாலும் மீண்டும் உருவாவதில்லை.

கவனிக்க வேண்டியவை

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவற்றை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். எக்கோ பரிசோதனையில் தசையின் விறைப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிய முடியும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதும், தினசரி நடைப்பயிற்சியும், புகையை விடுவதும் அவசியம். எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இதயச் செயலிழப்பைக் குறைப்பதாக 2015 முதல் ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வோம். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிகளுக்கு அல்லாஹ் சலுகை வழங்கியிருக்கிறான் (அல்குர்ஆன் 2:185). அதை ஏற்பதும் மார்க்கமே. உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணிக்கொள்ள வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!